ஜிப் இல்லாம குஷன் கவர் தைக்க முடியுமா? எவ்வளவு துணி வேணும்?

முடியும், புதுசா தைக்கிறவங்களுக்கு இதுதான் ஈஸி. என்வலப் கவர்னு சொல்வாங்க, அதாவது பின்பக்கம் ஒரே துண்டா இல்லாம ரெண்டு துண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், அந்த இடைவெளி வழியா குஷனை உள்ள திணிச்சுடலாம். வேட்டி கட்டுறப்ப ஒரு சுத்து மேல இன்னொண்ணு ஏறி இருக்குறதாலதான நடந்தாலும் விலகுறதில்ல, அதே கதைதான், அதனால இந்த ஏற்றம் நாலு இன்ச்சாவது இருக்கணும், குறைஞ்சா உள்ள இருக்குற குஷன் பல்லைக் காட்டும்.

16 இன்ச் குஷனுக்கு முன்பக்கம் 17க்கு 17, பின்பக்கம் 17க்கு பதினொன்றரைல ரெண்டு. பின்துண்டுல நடுவுல வர்ற ஓரத்தை மட்டும் முதல்ல ஒரு இன்ச் மடிச்சு தைச்சுடுங்க. அப்புறம் நல்ல பக்கம் உள்ள இருக்குற மாதிரி மூணையும் அடுக்கி சுத்தி அரை இன்ச் தள்ளி ஒரே தையல், மூலைத் துணியை கொஞ்சம் வெட்டிட்டு திருப்பினா முனை கூரா வரும். 44 இன்ச் அகல காட்டன் அரை மீட்டர் போதும் (பழைய காட்டன் புடவை இருந்தா அதுவும் செலவில்ல). புதுத்துணின்னா நனைச்சு காயவச்சுட்டு வெட்டுங்க, இல்லன்னா முதல் துவையல்லயே சுருங்கிடும்.

மெஷின் இல்லாம ஆகாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படியெல்லாம் இல்ல, கையால நெருக்கமா பின்தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை கொஞ்சம் பின்னால குத்தி முன்னால எடுக்குறது) போட்டாலே நல்லா தாங்கும்.