அடையாள அட்டை யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு உதவியாக ஒரு தன்னார்வலர் குழு அமைத்து நடத்தித் தரும்படி இன்ஸ்பெக்டர் கேட்டார். நானும் சரி என்றுவிட்டேன். நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு பேர் பைக்கில் 'போலீஸ்' ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற எங்கள் ஆட்களை அங்கே டீ வாங்கி வரச் சொல்கிறார்களாம். ஒரு பையனை ராத்திரி வாகனச் சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். லாட்ஜ் நடத்தும் ஒருவர், டி-ஷர்ட்டும் மேசை நாற்காலியும் தருகிறேன் என்கிறார். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்:

ஐயா, முதலில் ஒன்று கேட்கிறேன். இன்ஸ்பெக்டர் கேட்டது வாய்வார்த்தையாகவா, எழுத்திலா? உங்கள் கடிதத்தைப் படித்தால் வாய்வார்த்தை என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். மாவட்ட எஸ்.பி. கையெழுத்தில், என்ன வேலை, எந்த இடம், எந்த நேரம், யார் பொறுப்பு என்று எழுதிய உத்தரவு வராமல் ஒருவர்கூட ஸ்டேஷன் படி ஏற வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'காவல்துறை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். போலீஸுக்கும் ஜனத்துக்கும் நடுவே இருந்த பயத்தைக் குறைப்பதுதான் நோக்கம். பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த நண்பர்கள் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. மறு மாதமே, காவல் நிலையங்களில் இந்த அமைப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று அரசு தடை போட்டது. நல்ல எண்ணத்தில் சேர்ந்து, கோயில் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதைத் தவிர வேறு எதுவும் செய்யாத எத்தனையோ பேர், ஒரே வாரத்தில் தங்கள் அடையாள அட்டையை ஒளித்து வைக்க வேண்டி வந்தது. பெயரை மாற்றி அதே வேலையைத் திரும்பச் செய்தால் நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது உங்கள் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது. இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். நீங்கள்தான் சத்துவாச்சாரியிலேயே இருப்பீர்கள்.

உத்தரவு வாங்கப் போகும்போது வேலைப் பட்டியலை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் எழுதினால் 'காவல்துறைக்கு உதவுதல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் டீ வாங்குவதும் வரும், ராத்திரி ரோந்தும் வரும். உங்கள் ஆட்கள் உதவப் போவது போலீஸுக்கு இல்லை, ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிற மனிதருக்கு. பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இதை வைத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

வேலூர் ஸ்டேஷன்களுக்கு எந்த மாதிரி ஆட்கள் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பர்ஸ் திருடு போகும். 'சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வைக்கிறேன்' என்று ஒரு புரோக்கர் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு மறைந்துவிடுவான். பாஸ்போர்ட் தொலைந்தால், தூதரகத்தில் முதலில் கேட்பதே போலீஸ் புகார் நகலைத்தான். அந்த மனுஷன் நோயாளியை லாட்ஜில் தனியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து, பாஷை தெரியாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நிற்பார். பாராவில் நிற்கிற காவலருக்கும் எரிச்சல் வரும். அந்த இடத்தில் வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவர் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. உங்கள் நாற்பது பேரில் இந்தப் பாஷைகள் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, வடக்கத்திப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பதினெட்டு வயது முடிந்தவர்களாகப் பாருங்கள். பரீட்சை வந்தால் வர மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உருதுவுக்கும் தெலுங்குக்கும் நம் ஊரிலேயே ஆள் உண்டு.

மொழிபெயர்ப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். காணாமல் போன பொருள், பண மோசடி, வழி தெரியாதவர் என்றால் உதவலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கென்றால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். அதற்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்ள போக்சோ சட்டத்தின் 26-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ பள்ளியையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். உங்கள் ஆள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வதுகூடக் கூடாது.

அடுத்தது மனு எழுதிக் கொடுப்பது. எழுதத் தெரியாதவருக்கு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுத வேண்டும். நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக, அதாவது எழுத்து வேலை பார்க்கும் காவலராக, உட்கார்ந்திருந்த காலத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே மனு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய்ச் சண்டையைக்கூட 'ஆபாசமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து' என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பழக்கம் உங்கள் குழுவுக்கு வரக் கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கேட்கலாம், எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம், பெண்களையும் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் 60 தாண்டியவர்களையும் விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்கு இவ்வளவு சட்டம் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஆன்லைனில் பணம் போனவர் வந்தால் முதல் வேலையாக சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். மனுவை அப்புறம் எழுதலாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்கும்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரிக் கூட்டத்துக்கு ஆள் கேட்பார்கள். தாராளமாக அனுப்புங்கள். காணாமல் போன குழந்தையைக் கூடாரத்தில் உட்கார வைத்து, கூடவே ஒரு பெண் தன்னார்வலர் இருக்கட்டும். மைக்கில் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டாம். தேடி வருகிறவர்தான் பெயரும் உடையின் நிறமும் சொல்ல வேண்டும். குழந்தையை ஒப்படைப்பது காவலர் கையால் மட்டுமே.

செய்யக் கூடாததற்கு வருகிறேன். வாகனச் சோதனை, ரோந்து, ரெய்டு, லாக்கப் காவல், கைதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது, எதுவும் கூடாது. ரைட்டரின் கம்ப்யூட்டரில் அவருடைய பாஸ்வேர்டை வைத்து எஃப்.ஐ.ஆர். டைப் செய்து கொடுப்பதும் கூடாது. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் எந்தக் குடிமகனும் ஆளைப் பிடித்துத் தாமதமில்லாமல் ஒப்படைக்கலாம். தன்னார்வலருக்கு உள்ள அதிகாரமும் அவ்வளவுதான். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் மகஜர், அதாவது போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது எழுதுகிற பத்திரம். பொருளைக் கைப்பற்றும்போது இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். ரோட்டில் போகிறவர் யாரும் போட மாட்டார். எதிரே உங்கள் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார். 'சார், ஒரு கையெழுத்து' என்பார்கள். போட்டுவிட்டால் சில வருடம் கழித்து சம்மன் வரும், சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அதோடு, ஒரே ஆள் பத்து வழக்கில் சாட்சியாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அவரை 'போலீஸின் ஆள்' என்று நிரூபித்துவிடுவார், உண்மையான வழக்கே படுத்துவிடும். ஆகவே மகஜர் கையெழுத்து கிடையாது என்பதை உத்தரவிலேயே ஒரு வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

யாரையாவது அடிப்பதை உங்கள் ஆள் பார்த்துவிட்டால்? இதை இன்ஸ்பெக்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பார்த்ததை அன்றே உங்களிடம் எழுதிக் கொடுப்பார், நீங்கள் டி.எஸ்.பி.க்கு அனுப்புவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால், இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள். என் கருத்தில் இதற்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை.

நாற்பது பேர் அதிகம். பன்னிரண்டு பேர் போதும், பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். அந்த ஸ்டேஷனில் நிலத் தகராறோ வேறு மனுவோ நிலுவையில் உள்ளவர், வட்டிக்கு விடுகிறவர், ரியல் எஸ்டேட் புரோக்கர், கட்சிப் பொறுப்பில் இருப்பவர், இவர்களை மரியாதையாகக் கழித்துவிடுங்கள். ஒரே தெருக்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள் என்று குழு அமைந்துவிடக் கூடாது. அப்படி அமைந்தால் காலனியிலிருந்து புகார் கொடுக்க வருகிறவர் வாசலில் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீருடைதான் வேண்டும் என்று துடிக்கிற இளைஞர்களை ஊர்க்காவல் படைக்கு அனுப்புங்கள். அது 1963-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்குவது. பயிற்சி உண்டு, சீருடை உண்டு, டூட்டிக்குப் படியும் உண்டு.

அட்டையில் காவல்துறை முத்திரை வேண்டாம், 'போலீஸ்' என்ற சொல்லும் வேண்டாம். பெயர், போட்டோ, தன்னார்வலர், அவ்வளவே. முக்கியமாக, அட்டை வீட்டுக்குப் போகக் கூடாது. வந்ததும் நோட்டில் நேரம் எழுதி அட்டையை வாங்கிக்கொள்வார், போகும்போது கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். டோல்கேட்டிலும் கிரீன் சர்க்கிள் சிக்னலிலும் காட்டுவதற்கு அட்டை இல்லை என்று தெரிந்ததும், பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் தாமாகவே விலகிவிடுவார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய இருவரையும் அதைக் கிழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பெயரை அடித்துவிடுங்கள்.

டீ விவகாரத்துக்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. உங்கள் ஆட்கள் ஸ்டேஷனுக்குள்ளேயே இருப்பதால்தான் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கான மேசையை வரவேற்பு அறையில் வாசலைப் பார்த்தபடி போடச் சொல்லுங்கள். காலை 10 முதல் 1, மாலை 4 முதல் 7, அதற்கு மேல் ஒருவரும் இருக்க வேண்டாம். வேலை சொல்வதாக இருந்தால் ரைட்டர் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் ஆளிடம் சொல்லுங்கள். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இத்தனை வருடம் உட்கார்ந்தவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

லாட்ஜ்காரர் தரும் மேசை நாற்காலியை வாங்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்களிடம் வரப்போகிற புகாரில் பாதி லாட்ஜ் வாடகை, அட்வான்ஸ், லாட்ஜ் புரோக்கர் பற்றித்தான் இருக்கும். அவர் பெயர் போட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் ஆள் அந்த மனுவை எழுத முடியாது. பழைய மேசை ஒன்றை ஸ்டேஷனிலேயே கேளுங்கள், கட்டாயம் இருக்கும். அவர் வற்புறுத்தினால், உத்தரவில் நன்கொடைக்கு இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த வரியையும் எஸ்.பி. ஆபீஸிலேயே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.