இஸ்லாம் சூனியத்தைத் தடை செய்திருந்தும் உதுமானிய சுல்தான்கள் மந்திரச் சட்டை அணிந்தது எப்படி?

சூனியம் தடை செய்யப்பட்டிருந்தது என்பதை வைத்து, அன்றைய அறிஞர்கள் அதைப் பொய்யென்று கருதினார்கள் என நாம் முடிவு கட்டிவிடுவதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. பாபிலோனில் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவர்களிடம் மக்கள் சூனியம் கற்றதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் பேசுகிறது. 113ஆம் அத்தியாயம் முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடச் சொல்கிறது. ஆகவே பெரும்பாலான அறிஞர்களுக்குச் சூனியம் பலிக்கக்கூடியது, அதனாலேயே ஆபத்தானது. 1377இல் 'முகத்திமா' என்ற வரலாற்று முன்னுரை நூலை எழுதிய அறிஞர் இப்னு கல்தூன் சூனியத்தைக் கடுமையாகக் கண்டித்தவர்தாம். அதற்கு விளைவு உண்டு என்பதை அவரும் மறுக்கவில்லை. உதவி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. ஜின்னையோ கோளையோ அழைத்தால் அது சூனியம். இறைவனின் திருநாமங்களைக் கொண்டும் வசனங்களைக் கொண்டும் கேட்டால், அதைத் துஆவின், அதாவது இறைவேண்டலின், ஒரு வகை என்று வாதிட இடமிருந்தது.

இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் உள்ள சட்டைகள் இந்த இடைவெளியில் பிறந்தவை. சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் மகன் ஜெம் என்பவருக்காகச் செய்யப்பட்ட சட்டையில், வேலை 1477 மார்ச் 30 அன்று தொடங்கி 1480 மார்ச் 29 அன்று முடிந்ததற்கான குறிப்பு இருக்கிறது. ஒரு சட்டைக்கு மூன்று ஆண்டுகள்! இத்தகைய சட்டைகளில் துணி தெரியாத அளவுக்குக் குர்ஆன் வசனங்களும் திருநாமங்களும் எண் கட்டங்களும் நிறைந்திருக்கும். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு என்பதே அந்தக் கட்டங்களின் அடிப்படை. நம்மூர்க் கடைப் பலகைகளில் காணும் 786 என்ற எண்ணும் பிஸ்மில்லாஹ் வாசகத்தின் எழுத்துகளை அப்படிக் கூட்டி வந்ததுதான். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும் ஒன்பது அறைக் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் 2, 4, 6, 8 நிற்கும். அவற்றுக்குரிய எழுத்துகளைச் சேர்த்தால் 'பதூஹ்' என்றாகும். கடிதம் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று அந்தச் சொல்லையோ அந்த எண்களையோ உறைமேல் எழுதும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. கையெழுத்துப் படிகளின் முதல் ஏட்டில், பூச்சி அரிக்காமலிருக்க, பூச்சிகளின் அரசனாகக் கருதப்பட்ட கபீகஜை விளித்து 'யா கபீகஜ்' என்று எழுதி வைத்தவர்களும் உண்டு.

ஏட்டளவில் தெளிவாக இருந்த எல்லைக்கோடு நடைமுறையில் அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை என்பது என் கருத்து. ஜெம்மின் சட்டையே, வேலை தொடங்கும்போது சூரியன் மேஷ ராசியில் எத்தனையாவது பாகையில் நின்றது என்பதையும் குறிக்கிறது. கோளை அழைக்கக் கூடாதுதான், ஆனால் கோள் பார்த்து வேளை குறிக்கலாம்! உதுமானிய அரண்மனையில் தலைமைச் சோதிடருக்கென்றே ஒரு பதவி இருந்தது. 1577இல் வால்வெள்ளி தோன்றியபோது, இஸ்தான்புல் வானாய்வகத்தின் தலைவர் தகியுத்தீன் அதை வெற்றிக்கான நற்குறி என்று சுல்தான் மூன்றாம் முராதிடம் கூறினார். 1580இல், மார்க்கத் தலைமையின் எதிர்ப்பையடுத்து, அந்த வானாய்வகமே இடிக்கப்பட்டது. ஆக, எது கூடும், எது கூடாது என்பதை நூல்கள் மட்டுமன்றி, அந்தந்த நேரத்து அரண்மனை அரசியலும் தீர்மானித்தது.

ஜெம்மின் சட்டை பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்: 1481இல் தந்தை இறந்ததும் அண்ணன் பாயசீதுடன் நடந்த அரியணைப் போட்டியில் தோற்று, பிறர் கைக்காவலில் ஐரோப்பாவில் அலைந்து 1495இல் நேப்பிள்ஸில் இறந்தார். இருந்தும் அரண்மனை இத்தகைய சட்டைகளைக் கைவிடவில்லை. அடுத்த நூற்றாண்டில் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம், போருக்குப் போயிருந்த கணவருக்கு அப்படியொரு சட்டையை அனுப்பி, அதை அணிந்துகொள்ளும்படி கடிதத்தில் வேண்டினார்.