கேள்வி பதில்: பாட்டியின் பெட்டியில் ஒரு பச்சைத் தொப்பி

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம், தாத்தா காலத்தில் தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பம். போன மாதம் பாட்டி தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் இந்தப் படம் இருந்தது. பச்சைத் தொப்பியும் காக்கிச் சட்டையும் போட்டிருப்பவர் என் தாத்தா. சண்டைக் காலத்தில் அவர் வெள்ளைக்காரர்களோடு கமாண்டோவாக இருந்தார், பாராசூட்டில் குதித்தார் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். படத்தின் பின்னால் பென்சிலில் 1951 என்று இருக்கிறது. பெட்டியில் ஒரு பதக்கமும் இருக்கிறது, ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு. தாத்தா உண்மையிலேயே கமாண்டோவா?

பதில்: தங்கச்சி, பாட்டிக்கு என் அஞ்சலி. படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு நன்றி, பெரும்பாலானவர்கள் முகத்தை மட்டும்தான் அனுப்புகிறார்கள், பாதி விஷயம் முதுகில் இருக்கிறது.

பச்சையிலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளையில் எடுத்து, கேட்டவர்களுக்கு மேலே வண்ணம் பூசிக் கொடுப்பார், குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் வண்ணத்தைத் தொட்டு, கன்னத்துக்கு ரோஜா, உதட்டுக்குச் சிவப்பு, சேலைக்கு வீட்டுக்காரர் சொல்லும் நிறம். சொல்ல மறந்தால் அப்பா இஷ்டம். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொப்பியின் பச்சை ஓரத்தைத் தாண்டி, பின்னால் இருக்கும் திரையில் ஒரு நெல்மணி அளவுக்கு வழிந்திருக்கிறது, அதே பச்சைதான் பக்கத்துப் பூத்தொட்டி இலையிலும் இருக்கிறது. ஆக, இது தொப்பியின் நிறம் என்று சொல்ல முடியாது, ஸ்டூடியோக்காரர் கையில் இருந்த நிறம். அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளையும் உதவாது. அந்தக் காலத்துப் பிலிம்களில் சிவப்பைக் கறுப்பாகக் காட்டும் ரகங்கள் உண்டு, கருஞ்சிவப்புத் தொப்பியும் கரும்பச்சைத் தொப்பியும் ஒன்றுபோலவே விழும். மலாயாவில் இருந்த எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் 1950களில் போட்டது கருஞ்சிவப்பு.

சரி, நிறத்தை விட்டுவிட்டுச் சின்னத்தைப் பாருங்கள். எஸ்.ஏ.எஸ். என்றால் சிறகு வைத்த கத்தி இருக்க வேண்டும். உங்கள் படத்தில் ஒரு உருண்டை, அதைச் சுற்றி இலை வளையம், மேலே சிங்கமும் கிரீடமும் மங்கலாகத் தெரிகின்றன. அது ராயல் மரீன்ஸ் சின்னம். அவர்களுடைய 3வது கமாண்டோ பிரிகேட் 1950 முதல் 1952 வரை மலாயாவில் இருந்தது, பேராக் காடுகளில் சுற்றியவர்கள். பின்னால் எழுதியிருக்கும் 1951 அதோடு அப்படியே பொருந்துகிறது. ஆகவே தொப்பி கமாண்டோ தொப்பிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தொப்பிக்குக் கீழே வருவோம். தாத்தாவின் காக்கிச் சட்டையில் தோள்பட்டையில் ஒரு எழுத்து இல்லை, கையில் பட்டை இல்லை, இடுப்பில் ராணுவப் பெல்ட் இல்லை. சட்டைப் பையில் ஒரு பவுண்டன் பேனாவின் கிளிப் மின்னுகிறது. வீட்டில் யாரும் இந்தப் பேனாவைப் பற்றிப் பேசவே இல்லையா? தோட்டத்து ஆபீஸ் கிராணிமாரும், அதாவது குமாஸ்தாக்களும், காக்கிதான் போட்டார்கள். ராயல் மரீன்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்த படை, அதில் நம் தோட்டத்துப் பையனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஊர் தெரிந்த ஆள், லாரி ஓட்ட ஆள், தமிழும் மலாயும் பேசி மொழிபெயர்க்க ஆள் எல்லாம் தேவைப்பட்டது. பழகிய சிப்பாயின் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அப்பாவின் ஸ்டூடியோவுக்கும் வந்திருக்கிறார்கள். என் கணிப்பு, தாத்தா அப்படிப் பழகிய ஒரு கிராணி அல்லது மொழிபெயர்ப்பாளர்.

பாராசூட் கதை வேறு காலத்துக் கதை. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே ரகசியமாக வந்து இறங்கியது ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் பிரிவு. அதன் முதல் ஆட்கள் 1943 மே மாதம் நீர்மூழ்கிக் கப்பலில் பேராக் கடற்கரைக்கு, சிகாரி பக்கம் வந்தார்கள். விமானத்திலிருந்து ஆளும் ஆயுதமும் போட்டது பெரும்பாலும் 1945ல். அந்தச் சமயத்தில் துணிக்குப் பஞ்சம், சாக்கை வெட்டி உடுத்தியவர்கள் இருந்தார்கள், பாராசூட் துணி காட்டில் விழுந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். தாத்தா 'நான் குதித்தேன்' என்று சொன்னாரா, 'குதித்ததைப் பார்த்தேன்' என்று சொன்னாரா? அப்பாவை இன்னொரு தடவை நிதானமாகக் கேளுங்கள். இரண்டு கதைகள் ஒரே தொப்பிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம், 1951ல் சுங்கை சிப்புட்டில் கிராணியாக இருப்பது லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டே நாளில் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கணக்கு, ராத்திரி யார் கதவைத் தட்டுவார்களோ என்ற பயம். காலையில் பட்டாளத்தோடு பேசியவனை ராத்திரியில் காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள், தேடி வரலாம், காட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டவனைப் போலீஸ் தேடி வரலாம். அந்த நிலையில் சம்பளத்துக்குப் போய்த் திரும்பி வந்த மனிதர் உங்கள் தாத்தா. அவரைக் கமாண்டோ என்று எழுதிவிட்டால் அந்த மனிதர் காணாமல் போய்விடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி உங்களிடம் இருக்கும் பதக்கம். ஊதாவும் பச்சையும் என்றால் அது ஜெனரல் சர்வீஸ் மெடல், அவசரகாலத்தில் பணி செய்த படைவீரர்களுக்கும் போலீசாருக்கும் 'மலாயா' என்ற பட்டையோடு கொடுத்தது. அதன் விளிம்பில், காசைச் சுற்றி இருப்பதுபோல, எண்ணும் பதவியும் பெயரும் பதித்திருப்பார்கள். அங்கே தாத்தா பெயர் இருந்தால் என் கணிப்பை மாற்றிக்கொள்கிறேன், ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகவோ வேறு போலீஸ் பணியிலோ இருந்திருப்பார். வேறு பெயர் இருந்தால் தொப்பியைப் போல அதுவும் ஒரு நண்பர் கொடுத்தது. தயவுசெய்து பார்ப்பதற்கு முன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பு எழுத்து தேய்ந்தால் திரும்ப வராது. வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

கேள்வி: தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சின்னப் பாட்டி காற்சட்டையும் தொப்பியும் போட்டு நிற்கிறார். வீட்டில் ஜப்பான் ராணுவத்தில் இருந்தார் என்கிறார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. ஐ.என்.ஏ.வில் கமாண்டோக்கள் இருந்தார்களா?

பதில்: அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். படகு கவிழ்த்ததுபோல மடித்த, காந்தி குல்லாவை ஒத்த தொப்பி, காக்கி மேற்சட்டை, முழங்காலுக்குக் கீழே இறுகும் காற்சட்டை. இது ஜான்சி ராணிப் படை, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்த பெண்கள் பிரிவு, ஜப்பான் ராணுவம் அல்ல. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூரில் பொறுப்பேற்றார், அக்டோபர் 22ஆம் தேதி அந்தப் படையின் முகாம் அங்கே திறந்தது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை, கோலாலம்பூர் ஜானகி தேவர் அவருக்கு அடுத்து. ரப்பர் மரம் சீவிய கைகளும் அதில் துப்பாக்கி பிடித்தன, தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் போனார்கள். பர்மா வரை சென்றவர்களில் சிலர் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு நேதாஜியோடு பாங்காக் நோக்கித் திரும்பினார்கள், பெரும்பகுதி நடைதான்.

ஐ.என்.ஏ.வில் கமாண்டோ மாதிரி வேலை பார்த்தது பகதூர் குழு, எதிரி வரிசைக்குள் நுழைந்து உளவு பார்ப்பவர்கள். பினாங்கில் சுயராஜ்யப் பள்ளி என்று ஒன்று இருந்தது, அங்கே பயிற்சி பெற்றவர்கள் நீர்மூழ்கியில் இந்தியாவுக்குப் போய்ப் பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னையில் தூக்கில் போடப்பட்டது அந்த வழியில்தான். இந்த ஆட்களைப் படத்தில் கண்டுபிடிப்பது சிரமம். ரகசிய வேலைக்குப் போகிறவர் சீருடையில் நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார், வேட்டி கட்டிய சாதாரணப் படம் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். பாட்டியின் தொப்பியில் இந்திய வரைபடமும் 'இத்திபாக், இத்மாத், குர்பானி' (ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்) என்ற சொற்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள், தெரிந்தால் ஐ.என்.ஏ. என்று உறுதியாக எழுதலாம். ஒரு கோரிக்கை, போன் செயலியில் கலர் ஏற்றாதீர்கள். காக்கியை அது பச்சையாக்கும், எங்கள் ஸ்டூடியோவில் நடந்த அதே தப்பு.

கேள்வி: மூன்று நட்சத்திரம் வைத்த தொப்பியோடு ஒருவர், பக்கத்தில் இருந்தவரைக் கிழித்திருக்கிறார்கள். ஏன்?

பதில்: மூன்று நட்சத்திரம் என்றால் காட்டில் இருந்து ஜப்பானை எதிர்த்த மக்கள் படை, 'பிந்தாங் தீகா' என்று நம் பெரியவர்கள் சொன்னது. நட்சத்திரங்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவருக்கும், ஆனால் படையில் சீனர்களே மிகப் பெரும்பான்மை. 1945 டிசம்பரில் ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்துக் கலைத்தார்கள், ஃபோர்ஸ் 136 ஆட்களோடு கைகுலுக்கியவர்கள்தான். மூன்றே வருடத்தில் அவர்களில் பலர் அவசரகாலத்துக் காட்டுக்காரர்களாகிவிட, அந்தத் தொப்பி வீட்டில் இருப்பதே ஆபத்தாகிவிட்டது. கிழித்தவர் மேல் கோபப்படாதீர்கள், அது பெரும்பாலும் ஒரு தாய் அல்லது மனைவி செய்த வேலை. கிழிந்த ஓரத்தில், நட்சத்திரத் தொப்பிக்காரரின் தோள்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, சுண்டு விரலில் மோதிரம் இருக்கிறது. ஓரத்தை நேராக வெட்டிவிடாமல் அப்படியே ஸ்கேன் எடுங்கள், அந்த மோதிரம் யாருடையது என்று வீட்டில் மூத்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.