மகளின் ஆல்ப்ஸ் பயணமும் நான்கு அடகுச் சீட்டுகளும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் எடுத்திருக்கிறாள். மே விடுமுறையில் மியூனிக், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், லூசெர்ன், சூரிச் என்று 8 நாள் பயணம் அழைத்துப் போகிறார்கள். ஆளுக்கு 2.60 லட்சம். வரும் 20-ம் தேதிக்குள் 50,000 முன்பணம் கட்ட வேண்டும், அது திரும்ப வராது. கணவரும் நானும் சேர்ந்து மாதம் 88,000 சம்பாதிக்கிறோம். வீட்டுக் கடன், ஸ்கூல் ஃபீஸ், வீட்டுச் செலவு எல்லாம் போக 9,000 மிஞ்சும். ஆர்.டி.யில் 1.10 லட்சம் இருக்கிறது.

மூன்று வருடம் முன்பு கொழுந்தனார் மொபைல் கடை வைக்க என் 16 பவுன் நகையை நான்கு சீட்டாக அடகு வைத்து 3 லட்சம் கொடுத்தோம். 12% வட்டி. வருடா வருடம் திருப்பி வைக்கிறோம். இப்போது 4.21 லட்சமாக நிற்கிறது. தங்கம் விலை ஏறிவிட்டதால் 10 லட்சம் வரை தரலாம் என்கிறார் மேலாளர். அதிலேயே பயணத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா? கொழுந்தனாரும் கூட ஒரு லட்சம் கேட்கிறார். மகள் நாளைக்கு ஜெர்மனியில் படிக்க இந்தப் பயணம் உதவும் என்கிறார் கணவர். கூடப் படிப்பவர்கள் எல்லாம் போகிறார்கள், இவள் ஏங்கிப்போவாளே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: அவசர நிதி, காப்பீடு பற்றியெல்லாம் நீங்கள் அறிந்தவர்தான் என்று கடிதமே சொல்கிறது. அதற்குள் போகவில்லை. பயணத்தைப் பற்றியும் பிறகு பேசலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் ‘திருப்பி வைக்கிறோம்’. அதாவது வட்டியையும் அசலோடு சேர்த்து அதே நகையை மறுபடி அடகு வைப்பது.

மூன்று வருடத்தில் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட அந்தக் கடனுக்குப் போகவில்லை. 3 லட்சம் முதல் வருடக் கடைசியில் 3.36 ஆனது, அடுத்து 3.76, இப்போது 4.21. ஒவ்வொரு முறையும் வட்டியைக் கட்டியது தங்கத்தின் விலையேற்றம். அதனால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால்தான் இதை நிறுத்தவும் தோன்றவில்லை.

இப்போது மகளுக்கு 2.60, கொழுந்தனாருக்கு 1 என்று சேர்த்தால் கடன் 7.81 லட்சம். அதற்கு வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 94,000, அதாவது மாதம் 7,800. உங்களுக்கு மிஞ்சுவதே 9,000தான். இதையும் பழையபடி வட்டியோடு சேர்த்துத் திருப்பி வைத்துக்கொண்டே போனால், மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது 11 லட்சத்தைத் தொட்டிருக்கும். ஆனால் இனி அப்படி வைப்பதும் எளிதல்ல. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் நகைக் கடன் விதிகளை இறுக்கியிருக்கிறது. அப்போது வட்டியைக் கட்ட கைமாற்று வாங்கி, அன்றைக்கே கூடுதலாக அடகு வைத்து, கைமாற்றை அடைக்கும் வேலை ஆரம்பிக்கும். இந்தச் சுழலில் இறங்கியவர்கள் நகையோடு திரும்பி வந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

‘10 லட்சம் தரலாம்’ என்று மேலாளர் சொல்வது உங்கள் நகைக்குப் போட்ட மதிப்பு. கட்டும் சக்தியை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தங்கம் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறவர்கள் 2013-ஐ நினைவில் வைக்க வேண்டும். அந்த ஒரே வருடத்தில் உலகச் சந்தையில் அது கால் பங்குக்கு மேல் சரிந்தது. விளிம்பு வரை கடன் வாங்கியிருப்பவருக்கு அப்படி ஒரு வருடம் வந்தால், அடுத்து வருவது ஏல நோட்டீஸ்.

சரி, என்ன செய்யலாம்? உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நகையை விற்றுவிடுங்கள். ஒரு பவுன் 90,000 என்று குறைத்தே வைப்போம். விற்கும்போது கழிவு போக 85,000 கையில் வரும். நான்கு சீட்டும் ஏறக்குறைய சமம் என்று கொண்டால் ஒரு சீட்டுக்கு 1.05 லட்சம். ஆர்.டி.யை உடைத்து முதல் சீட்டை மீட்டால் 4 பவுன் வெளியே வரும். அதை விற்றால் 3.40 லட்சம். மீதி மூன்று சீட்டுக்கும் 3.16 போதும். இன்னும் 2 பவுன் விற்றால் 1.70 லட்சம். அதில் ஆர்.டி.யில் எடுத்த 1.10-ஐ வைப்பு நிதியாகத் திருப்பிப் போடுங்கள், மீதி 60,000-ஐ வரிக்கு ஒதுக்குங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்தில் 12.5% வரி உண்டு. உங்கள் பெயரில் சரியாக எவ்வளவு வரும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் 10 பவுன் வீட்டில் இருக்கும், கடன் பூஜ்யம். தாய்வீட்டுச் சீதனத்தை விற்பதா என்று மனம் கனக்கும். புரிகிறது. ஆனால் இன்று 16 பவுனில் ஒன்றுகூட உங்கள் பீரோவில் இல்லை.

விற்றுக் கட்டிய தொகை கொழுந்தனார் உங்களுக்குத் தர வேண்டிய பணம். மாதம் 8,000 என்று அவர் ஆரம்பிக்கட்டும். ‘அடுத்த தீபாவளிக்குள் பார்த்துக்கலாம் அண்ணி’ என்ற பதில் இந்த முறை வேண்டாம். புதிதாகக் கேட்கும் ஒரு லட்சத்துக்கு ஒரே பதில், இல்லை.

இனி பயணம். அந்த ஊர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்ஸ்ப்ரூக் நகரின் நடுவிலிருந்து கேபிள் காரில் ஏறினால் அரை மணிக்குள் 2,000 மீட்டருக்கு மேல் நோர்ட்கெட்டே மலையில் நிற்கலாம். கீழே இன் நதியும் ஊரும் தெரியும். 1964, 1976 என இருமுறை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர் அது. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது. ஆனால் நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை வரிவரியாகப் படித்தேன். எட்டில் இரண்டு நாள் விமானத்தில். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் 145 கிலோமீட்டர், அங்கிருந்து இன்ஸ்ப்ரூக் 180-க்கு மேல், அடுத்து லூசெர்ன் 300-ஐ ஒட்டி. வழியில் வாட்டன்ஸ் என்ற ஊரில் படிகக் கண்காட்சியும் அதன் கடையும். ஜெர்மன் பேசும் ஒரு பள்ளிக்குள் ஒரு மணி நேரம்கூட இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைத் தோழியோடு தமிழில் பேசிக்கொண்டு வருவாள். இறங்கி நின்றால் காதில் விழும் வணக்கம், இன்ஸ்ப்ரூக் இருக்கும் டிரோல் மாநில மக்களின் ‘க்ரூஸ் காட்’, சுவிஸ்காரர்களின் ‘க்ரூயட்ஸி’. பாடப்புத்தகத்தின் ‘கூட்டன் டாக்’ அல்ல. சுற்றுலாவாக நல்ல சுற்றுலா. மொழிப் பயிற்சி என்ற பெயரில் 2.60 லட்சம் கேட்டால் எனக்கு ஒப்புதல் இல்லை.

கணவர் சொன்ன ஜெர்மனிப் படிப்பு நல்ல கனவு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு உண்டு. ஆனால் மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாயைத் தாண்டியிருக்கும் நிலையில் அது 12 லட்சத்துக்கு மேல். அந்த விண்ணப்பத்தில் எட்டு நாள் சுற்றுலாவுக்கு இடமே இல்லை. மொழிச் சான்றிதழுக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனம் ‘ஃபிட் இன் டாய்ச்’ தேர்வு நடத்துகிறது. மகளை அதில் எழுத வையுங்கள். கடன் தீர்ந்த மாதத்திலிருந்து உங்கள் 9,000-மும் கொழுந்தனார் தரும் 8,000-மும் சேர்த்து 17,000 வைத்தால், வட்டி இல்லாமலே மூன்று வருடத்தில் 6 லட்சத்தைத் தாண்டும். பாதி வழி வந்துவிடுவீர்கள்.

பயண நிறுவனத்தின் ‘வட்டியில்லாத் தவணை’ துண்டுச்சீட்டையும் இணைத்திருந்தீர்கள். மொத்தமாகக் கட்டினால் 2.50 லட்சம். தவணையில் 2.60, அதோடு செயலாக்கக் கட்டணம் 5,900. ஆக 15,900 கூடுதல். ஒரு வருடத் தவணை என்று கொண்டால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் இது வருடத்துக்கு 12 சதவீதத்தை ஒட்டிய வட்டி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயரை மாற்றி இன்னும் விற்கிறார்கள். இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதே பயணத்துக்குக் கையிருப்பிலிருந்து கட்டும் பெற்றோரும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு மூன்று விஷயம். 12 வயது நிறைந்த பிள்ளைக்கு ஷெங்கன் விசா (இந்த ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டணம் 90 யூரோ. கல்வி நோக்கில் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விதியில் கட்டண விலக்கு உண்டு. சேவை மையக் கட்டணம் தனி. விசா என்று ரசீதில் மொத்தமாகப் போட்டிருந்தால், பள்ளி கல்விப் பயணக் கடிதம் கொடுத்ததா என்று கேளுங்கள். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பது விசா நிபந்தனை. மலையில் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று பாலிசியில் பாருங்கள். டி.சி.எஸ். என்று வெளிநாட்டுப் பயணப் பணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வரி உங்கள் பணம். பெற்றோர் பான் எண்ணில் பதிவாகியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

மகளிடம் மறைக்காதீர்கள். ‘இந்த வருடம் வேண்டாம்’ என்று மொட்டையாகச் சொன்னால்தான் ஏங்கிப்போவாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டு வட்டி புரியும். 3 லட்சம் 4.21 ஆன கதையையும், 11,904 யூரோவையும் ஒரே தாளில் அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தோழிகள் போய்வரும் அந்த வாரத்தில் அவளை வீட்டில் சும்மா உட்கார வைக்காமல், நீங்கள் மூவரும் இரண்டு நாள் ஊட்டியோ ஏற்காடோ போய்வாருங்கள். அந்தச் செலவுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

20-ம் தேதிக்கு முன்பே பள்ளிக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொழுந்தனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். பேசும்போது நான்கு அடகுச் சீட்டுகளும் மேசை மேல் இருக்கட்டும்.