செயற்கைத் தோலை உடல் தள்ளிவிடுமா?

தீக்காயச் சிகிச்சை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காஸ் சிலிண்டர் விபத்தில் என் தம்பிக்கு நெஞ்சும் கையும் ஆழமாக வெந்துவிட்டன. செயற்கைத் தோல் வைத்திருக்கிறார்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடல் தள்ளுவதுபோல இதையும் தள்ளிவிடுமா? – வாசகி, ஈரோடு

அப்படித் தள்ளாது. மாற்றுச் சிறுநீரகத்தில் இன்னொருவரின் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. உடலின் எதிர்ப்பு அவற்றின் மீதுதான். இன்டெக்ரா போன்ற செயற்கைத் தோலில் செல்லே கிடையாது. அதனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் தேவைப்படாது.

அதற்காக உடல் சும்மா இருந்துவிடாது. வைத்த சில நிமிடங்களிலேயே ரத்தப் புரதங்கள் அதன்மேல் படியும். முதலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வரும், அடுத்து அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள். துளையே இல்லாத கெட்டிப் பொருள் என்றால், அதை அரிக்கவும் முடியாமல் உள்ளே நுழையவும் முடியாமல், சுற்றிலும் நார்த்திசுவால் உறை கட்டி ஒதுக்கிவிடும். பேஸ்மேக்கரைச் சுற்றி உறை உருவாவது இப்படித்தான்.

தோலுக்கு அது ஆகாது. 1980-ஐ ஒட்டி பாஸ்டனில் பொறியாளர் யானஸும் அறுவை மருத்துவர் பர்க்கும் இன்டெக்ராவை உருவாக்கியபோது கவனித்தது இதைத்தான். கீழ் அடுக்கு, மாட்டுத் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதமும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டினும் சேர்ந்த துளைச் சட்டகம். துளைகள் 20 முதல் 120 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதைவிடச் சிறிதானால் செல்கள் புக முடியாது. மிகப் பெரிதானால் அவை பற்றிக்கொள்ளப் பரப்பு போதாது. கொலாஜனைப் பதப்படுத்தாமல் வைத்தால் உடலின் நொதிகள் சில நாளில் தின்றுவிடும். அளவு மீறிப் பதப்படுத்தி இறுக்கினால் கரையாமல் கிடந்து அந்நியப் பொருளாகிவிடும். பந்தலில் கொடி படர்வதுபோல திசு நாரை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் ரத்தக்குழாய்களும் ஏறி, சொந்தக் கொலாஜனை இட்டு நிரப்பும் வேகத்துக்குச் சட்டகம் கரைய வேண்டும். இந்தக் கணக்கு சரியாக அமைந்ததுதான் இதன் வெற்றி. அமெரிக்க அரசின் அனுமதி 1996-இல் கிடைத்தது.

மேலே இருப்பது சிலிகான் படலம். நீர் ஆவியாகாமல் காப்பதுதான் அதன் வேலை. சுமார் மூன்று வாரத்தில் அதை உரித்துவிட்டு, தொடையிலிருந்து 0.2 மி.மீ. அளவில் மெல்லிதாகச் சீவிய நோயாளியின் சொந்தத் தோலையே ஒட்டுவார்கள்.

கேள்வி: செயற்கைத் தோல் வைத்த பத்து நாளில் அந்த இடம் மஞ்சளாகிவிட்டது. சீழ் பிடித்துவிட்டதா? – வாசகர், நாகர்கோவில்

நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். வைத்த அன்று சிவப்பு, சில நாளில் இளஞ்சிவப்பு, பிறகு வெளிர் மஞ்சள் என்று மாறுவது புதுத் திசு வளர்வதன் அடையாளம். படலம் அடியோடு ஒட்டிச் சமமாக இருந்தால் நல்லது.

கவலைப்பட வேண்டியவை வேறு. கருஞ்சிவப்புத் திட்டு தெரிந்து, அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் அடியில் ரத்தம் கட்டியிருக்கும். சட்டகத்துக்கும் காயத்துக்கும் நடுவே ரத்தம் நின்றால் ரத்தக்குழாய் தாண்டி வராது. கிருமிக்கு அது விருந்து. ஆரம்பத்திலேயே கண்டால் ஊசியால் உறிஞ்சியோ சிறு கீறல் போட்டோ வெளியேற்றிவிடலாம். விளிம்பில் சிலிகான் தூக்குவது, அடியில் கலங்கிய நீர், துர்நாற்றம், காய்ச்சல்: இவை தொற்றின் அறிகுறிகள். பச்சை நிறமும் சேர்ந்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் போதும், மீதி பிழைக்கும்.

இன்னொரு காரணம் உராய்வு. முழங்கை, தோள் போன்ற இடங்களில் சட்டகம் நகர்ந்தால், முளைவிடும் நுண்குழாய்கள் அறுந்துவிடும். மூட்டு அசையாமல் சிம்பு கட்டுவது அதற்காகத்தான். தூங்கும்போது இடைஞ்சல் என்று கழற்றாதீர்கள். காயத்தைத் தண்ணீரில் ஊறவிடவும் கூடாது.

கேள்வி: மாட்டுப் பொருள் என்றால் அலர்ஜி வராதா? – வாசகர், சேலம்

அரிது. மாட்டுக் கொலாஜனுக்கோ காண்ட்ராய்டினுக்கோ ஒவ்வாமை முன்பே தெரிந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இன்டெக்ராவை வைக்கக் கூடாது. விலங்குப் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு, ஆஸ்திரேலியாவில் உருவான 2 மி.மீ. பாலியூரிதேன் நுரைச் சட்டகம் உண்டு. கிருமிகள் உண்ணப் புரதம் இல்லாததால் தொற்றையும் ஓரளவு தாங்கும். அது நீரால் மெல்லச் சிதைந்து மறைய சுமார் 18 மாதம் ஆகும். அதுவரை துணுக்குகளைச் சுற்றி ராட்சத செல்கள் (பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றாக இணைந்தவை) திரள்வது எதிர்பார்க்கக்கூடியதே.

கேள்வி: ஆறியபின் வியர்க்குமா? முடி முளைக்குமா? – வாசகி, மதுரை

இரண்டும் இல்லை. வியர்வைச் சுரப்பியும் முடிவேரும் இந்தச் சட்டகத்தில் உருவாவதில்லை. உடம்பில் பெரும்பகுதி இப்படி ஆனவர்களுக்குச் சூடு தணிவது கடினம். கோடையில் மதிய வெயிலில் வேலை செய்யக் கூடாது. எண்ணெய்ப் பசை இல்லாத தோல் என்பதால் தினமும் பலமுறை மாய்ஸ்சரைசர் தடவுங்கள். மருத்துவர் தந்த அழுத்த உடையை, குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் போட்டிருக்க வேண்டும்.