மாமாவின் துப்பாக்கிக்குப் பிரைமர் வாங்கிப் போகலாமா?

கேள்வி: டெக்சஸில் வேலை செய்கிறேன். ஊரில் மாமாவிடம் லைசென்ஸ் உள்ள பன்னிரண்டு போர் (12 bore, குழல் அளவு) துப்பாக்கி இருக்கிறது. முழுத் தோட்டா இல்லாமல் காலிக் குப்பியும் (தோட்டாவின் வெற்றுக் கூடு) பிரைமரும் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு பாகம்) மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் சிக்கல் வருமா?

வரும். தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

"வெறும் உதிரிதானே" என்ற நினைப்புதான் இதில் ஆளைக் கவிழ்ப்பது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம், தோட்டா வகை என்றால் எவையெல்லாம் என்று 2-ஆம் பிரிவில் சொல்லும்போதே அவற்றின் பாகங்களையும், செய்யும் இயந்திரங்களையும் சேர்த்துவிடுகிறது. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி கடல், தரை, வான் எந்த வழியில் உள்ளே கொண்டுவந்தாலும் அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும். மாமாவிடம் இருப்பது அவர் ஊரில் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். அதைக் காட்டி நீங்கள் கஸ்டம்ஸைத் தாண்ட முடியாது.

புறப்படும் இடத்திலும் இதே கதைதான். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் சொந்த உபயோகத்துக்காக 3 துப்பாக்கி, 1,000 தோட்டா வரை தனி ஏற்றுமதி லைசென்ஸ் இல்லாமல் வெளியே கொண்டுபோக ஒரு விதிவிலக்கு உண்டு. அதில் "சொந்த உபயோகம்" என்பதுதான் முக்கியம். வேறொருவருக்குக் கொடுக்க எடுத்துப் போனால் அது பொருந்தாது. எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு, தான் அமெரிக்காவுக்குள் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போக மட்டும்தான் இடம்.

அப்புறம் விமானம். முழுத் தோட்டாவையாவது, ஏர்லைன்ஸ் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், ஆளுக்கு 5 கிலோ வரை செக்-இன் பெட்டியில் அனுமதிக்கிறார்கள். தனிப் பிரைமரும் வெடிமருந்துத் தூளும் பயணிகள் பெட்டியில் போகவே கூடாது. உதிரிக்குத்தான் கெடுபிடி அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் கிண்ணம். அதற்குள் இருப்பது அடி பட்டாலே தீப்பிடிக்கும் மருந்து. குவித்து வைத்தால் ஒன்று வெடிக்கும்போது பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து வெடிக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டில் நடந்ததும் ஒரு காரணம். சென்னைக்குக் கிளம்பும் முதல் நாள் இரவு மச்சானிடமிருந்து ஒரு பெரிய பை கடன் வாங்கினேன். 23 கிலோவுக்குள் வருகிறதா என்று எடை போட்டுக்கொண்டிருந்தோம். கூடிவிட்டதால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பையைக் கவிழ்த்து உதறினேன். தரையில் "ணங்" என்று ஏதோ விழுந்தது. ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா. பக்கவாட்டுப் பையின் தையல் விட்ட இடம் வழியாக உள்துணிக்கும் அடி அட்டைக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. மச்சான் சுடும் பயிற்சிக்கு அந்தப் பையைத்தான் எடுத்துப் போவாராம். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்துச் சின்ன வட்டத்தில் ஊசி குத்திய தடம் இல்லை, பளபளவென்று இருந்தது. சுடாத தோட்டா. என் மனைவி வெகுநேரம் பேசவே இல்லை. எடை கூடாமல் இருந்திருந்தால் அதை அப்படியே சென்னை வரை இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

"தெரியாமல் இருந்தது" என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா? கோர்ட்டில் அந்த வாதம் நிற்கும். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. துப்பாக்கி இல்லாமல் ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்ட பயணிகள் மீதான எஃப்.ஐ.ஆர்.களை டெல்லி உயர் நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. சிறு உதிரிப் பாகங்களுக்கு விலக்குத் தரும் ஆயுதச் சட்டத்தின் 45(டி) பிரிவும் அவற்றில் கைகொடுத்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவருக்கு மட்டும். நீங்கள் மாமா தோட்டா செய்வதற்கென்றே கொண்டுபோகிறீர்கள். உங்களுக்கு அந்தக் கதவும் மூடிவிடுகிறது. தவிர, எஃப்.ஐ.ஆர். ரத்தாகும் வரை வக்கீல் செலவு, வாய்தா, தவறவிட்ட விமானம், வேலை, விசா எல்லாம் உங்கள் தலையில்தான். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதற்கான தண்டனையை 2019 திருத்தத்தில் கூட்டியும் விட்டார்கள்.

வழியில் இறங்கி மாறும் நாட்டையும் மறக்காதீர்கள். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. கரீபியனில் டர்க்ஸ் அண்ட் கெய்க்கோஸ் தீவுகளில் 2024-ல் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் பையில் கிடந்த சில தோட்டாக்களுக்காகப் பிடிபட்டார்கள். அப்போது அங்கே குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டு. பிள்ளைகளோடு கடற்கரைக்கு விடுமுறை போனவர்களும் அதில் இருந்தார்கள். நீதிபதிகளுக்குக் கூடுதல் விருப்புரிமை தந்து அந்தத் தீவு சட்டத்தைத் திருத்தியது அதற்குப் பிறகுதான்.

சரி, என்ன செய்யலாம்? மாமா தன் லைசென்ஸைக் காட்டி உள்ளூரில் உரிமம் பெற்ற கடையிலேயே தோட்டா வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் அவருக்கு நல்ல காது மூடி ஒன்று வாங்கிப் போங்கள். ஆனால் சுடும் பயிற்சிக்கு எடுத்துப் போன பையில் வைத்து எடுத்துப் போகாதீர்கள், புதுப் பை வாங்கிக்கொள்ளுங்கள்.