ஓடை மண்ணில் சிர்கோனியம் கூடினால் நீலக்கல் உண்டா?

சகோ, இலங்கை ரத்தினபுரியில் மாமா நிலத்து ஓடையில் எடுத்த ஒரே ஒரு மண் மாதிரியில் சிர்கோனியம் என்ற உலோகம் எக்கச்சக்கம், நீலக்கல் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் குழி வெட்டிவிடாதீர்கள். அந்தச் சிர்கோனியம் பெரும்பாலும் சிர்கான் என்ற கனமான கனிமத்தின் மணலிலிருந்து வருவது, அதன் அடர்த்தி 4.6 பக்கம், நீலக்கல் 4, சாதா குவார்ட்ஸ் 2.65, அதனால் தண்ணீர் வேகம் குறையும் வளைவில் கனமானதெல்லாம் சேர்ந்து படியும், நீங்கள் அள்ளிய இடமே அப்படி ஒரு மூலையாக இருந்திருக்கலாம். அலுமினிய அளவையும் நம்ப வேண்டாம். நீலக்கல் அலுமினிய ஆக்சைடுதான், ஆனால் களிமண் முழுக்க அலுமினியம்.

கிளை ஓடைகள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுங்கள். எதில் சிர்கோனிய அளவு தொடர்ந்து ஏறுகிறதோ அதில் மேலே போங்கள். லேப்பில் சலித்த நுண்மண்ணைத்தான் பார்ப்பார்கள், கல் சல்லடையிலேயே நின்றுவிடும், ஆகவே அப்புறம் டூலாங் என்ற மரத் தட்டில் மணலை அலசிப் பார்ப்பதுதான் வழி. மலேசியாவில் கம்பார் பக்கம் என் பாட்டி வெள்ளீயம் அலசிய தட்டு இன்னும் எங்கள் பட்டர்வொர்த் வீட்டில் இருக்கிறது. சுழற்றச் சுழற்ற வெள்ளை மணல் வழிந்தோடி, நடுக்குழியில் ஒரு சிட்டிகை கறுப்பு மணல் மிஞ்சும். அதில் கல் துணுக்கு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

தோண்டுவதானால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் உரிமம் வேண்டும், மாமாவிடம் முதலில் அதைக் கேளுங்கள்.